மைதானத்துக்குப் போகும் உதவிப் பணம்

கென்யத் தலைநகர் நைரோபியில் மாத்தாரே என்றொரு குடிசைப் பகுதி இருக்கிறது. தகரக் கூரை வீடுகள், அவற்றுக்கு நடுவே சாக்கடை, சாக்கடையை அடைத்துக் கிடக்கும் குப்பை. அங்கே பிள்ளைகள் உதைத்து ஆடும் பந்தைக் கடையில் வாங்க முடியாது. பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி அவர்களே செய்துகொள்வார்கள். 1987-இல், ஐ.நா.வின் சுற்றுச்சூழல் பணிகளுக்காக நைரோபியில் இருந்த பாப் மன்ரோ என்ற கனடாக்காரர் இந்தப் பிள்ளைகளோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். குப்பையை அவர்கள் அள்ள வேண்டும். முறையான லீக் ஆட்டங்களுக்கு அவர் வழிசெய்வார். அப்படித் தொடங்கியது மாத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம்.

இந்தச் சங்கத்தின் லீக்கில் ஆட்டத்தை வென்றால் மட்டும் முதலிடம் கிடைக்காது. தெருவைச் சுத்தம் செய்யும் வேலையில் கலந்துகொண்ட அணிக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. ஒரு வெற்றிக்குக் கிடைப்பதைவிட அந்தப் புள்ளிகள் அதிகம். வேலைக்கு வராத அணி எத்தனை கோல் போட்டாலும் பட்டியலில் கீழேதான் நிற்கும். நல்லொழுக்கத்தோடு ஆடியவருக்குப் பச்சை அட்டை கொடுப்பார்கள். நடுவராகவும் பயிற்சியாளராகவும் உழைக்கும் சிறுவர் சிறுமியருக்குச் சேரும் புள்ளிகள் கல்வி உதவித்தொகையாக மாறும். அந்தப் பணம் நேரே பள்ளிக்குப் போகும். 1992-இல் ரியோவில் புவி உச்சி மாநாடு நடந்த ஆண்டில், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருது இந்தத் துப்புரவுப் பணிக்குக் கிடைத்தது. சங்கத்திலிருந்து கிளைத்த மாத்தாரே யுனைடெட் அணி 2008-இல் கென்யாவின் தேசிய லீக்கையே வென்றது.

இவ்வளவுக்கும் பின்னால் வெளிநாட்டுப் பணம் இருந்தது. குறிப்பாக நார்வேயின் உதவி நிதி. வளர்ச்சி உதவியில் விளையாட்டுக்கு இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாத்தாரேதான் முதல் பதிலாகக் காட்டப்படுகிறது. ஆனால் மாத்தாரேயைக் காட்டிவிட்டு, அதற்குச் சற்றும் ஒப்பில்லாத எத்தனையோ திட்டங்களுக்குப் பணம் வாங்கப்பட்டிருக்கிறது. எது எங்கே பலன் தந்தது, எது தரவில்லை, ஏன் என்று பிரித்துப் பார்த்தால்தான் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

முதலில் எதிர்ப்பவர்களின் வாதம். தடுப்பூசி இல்லாமலும் குடிநீர் இல்லாமலும் பிள்ளைகள் சாகும் நாட்டுக்குப் பந்து எதற்கு? நார்வேயின் ஸ்பீட் ஸ்கேட்டிங் வீரர் யோஹான் ஒலாவ் கோஸ் இந்தக் கேள்வியை நேரிலேயே சந்தித்தார். 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், மூன்றிலும் உலக சாதனை என்று வென்றவர் அவர். அதற்கு முன்பே எரித்திரியாவுக்குப் போய், போரிலிருந்து அப்போதுதான் மீண்ட அந்நாட்டின் சிறுவர்கள் ஒரு சட்டையைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடுவதைப் பார்த்திருந்தார். ஒலிம்பிக் முடிந்ததும் விளையாட்டுப் பொருள்களைத் திரட்டி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். சோறில்லாத ஊருக்குப் பந்தா என்று சொந்த நாட்டிலேயே கண்டனம் எழுந்தது. அந்த முயற்சிதான் பின்னாளில் 'ரைட் டு ப்ளே' என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது.

கண்டித்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு தடுப்பூசித் திட்டத்திலிருந்து பணத்தை எடுத்துக் கால்பந்துக்குக் கொடுக்கச் சொன்னால், கொடுக்கக் கூடாது என்பதே சரியான பதில். நடைமுறையில் அந்தப் போட்டி அபூர்வமாகவே வருகிறது. விளையாட்டுக்கான உதவி பெரும்பாலும் வேறு பைகளிலிருந்து வருகிறது: வெளியுறவு அமைச்சகங்களின் நல்லெண்ண நிதி, ஒலிம்பிக் நடத்தும் நகரங்களின் வாக்குறுதிகள், வங்கிகளின் சமூகப் பொறுப்பு நிதி, கால்பந்துக் கூட்டமைப்புகளின் பணம். பணக்கார நாடுகளின் உதவிக் கணக்கிலோ விளையாட்டு பண்பாட்டோடும் பொழுதுபோக்கோடும் சேர்ந்து கிடப்பதே வழக்கம். பல திட்டங்கள் சுகாதாரம், கல்வி என்ற தலைப்புகளுக்குள் மறைந்திருக்கின்றன. ஆகவே உலகம் இதற்கு மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறது என்று ஒரே எண்ணில் சொல்வது கடினம்.

சர்வதேச அமைப்புகள் இதை ஏற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடற்கல்வியும் விளையாட்டும் எல்லோருக்கும் உரிமை என்று 1978-இல் யுனெஸ்கோ சாசனம் அறிவித்தது. 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31-ஆவது பிரிவில் விளையாடும் உரிமையைச் சேர்த்தது. 2001-இல் ஐ.நா. பொதுச் செயலர் இதற்கென்றே ஓர் ஆலோசகரை நியமித்தார். சுவிட்சர்லாந்தின் முன்னாள் அதிபர் அடோல்ஃப் ஓகிதான் அந்த முதல் ஆலோசகர். 2005 விளையாட்டு ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. ஏப்ரல் 6-ஐ இதற்கான உலக நாளாக 2013-இல் பொதுச்சபை அறிவித்தது. 2017-இல் ஜெனிவாவில் இருந்த அந்தச் சிறிய ஐ.நா. அலுவலகம் மூடப்பட்டது. பிரகடனங்கள் நிலைத்த அளவுக்கு அலுவலகம் நிலைக்கவில்லை.

பிரகடனங்களைவிடக் கள ஆய்வுகள் கூடுதலாகச் சொல்கின்றன. கடந்த பதினைந்து ஆண்டுகளில், குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் கடுமையான ஆய்வுகள் இந்தத் துறைக்கும் வந்துவிட்டன. அவற்றின் முடிவுகள் ஒரே திசையில் இல்லை.

ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்கள் விருத்தசேதனம் செய்துகொண்டால், பெண்ணிடமிருந்து எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு குறைகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் பள்ளி வயதுப் பையன்களைக் கிளினிக்குக்கு வரவழைப்பது எளிதல்ல. 'கிராஸ்ரூட் சாக்கர்' என்ற அமைப்பு பள்ளிகளில் ஒரு மணி நேரக் கால்பந்து வகுப்பு நடத்தியது. விருத்தசேதனம் செய்துகொண்ட இளம் பயிற்சியாளர் ஒருவர், பந்தை வைத்து விளையாட்டுக் காட்டியபடியே, தான் அந்த முடிவுக்கு வந்த கதையைச் சொல்வார். வலித்ததா, பயந்தாரா, எத்தனை நாளில் ஆறியது என்ற கேள்விகளுக்கெல்லாம் அவரிடமே பதில் இருக்கும். பிறகு தொலைபேசியில் தொடர்பில் இருந்து, வேண்டுமானால் கிளினிக்கு வரைக்கும் கூடவே போவார். இந்த வகுப்பு நடந்த பள்ளிகளில் முன்வந்த பையன்கள், நடக்காத பள்ளிகளைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இதில் பந்தின் பங்கு எவ்வளவு, நம்பகமான ஓர் அண்ணனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அண்ணன் இல்லாமல் வெறும் பந்தை அனுப்பியிருந்தால் இந்தப் பலன் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதற்கு நேர்மாறான முடிவு வடக்கு உகாண்டாவின் குலுவிலிருந்து வந்தது. நீண்ட கிளர்ச்சிப் போரில் நொறுங்கிய பகுதி அது. பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்ற விளையாட்டு உதவும் என்ற நம்பிக்கையில் அங்கே 11 வாரக் கால்பந்து லீக் நடத்தப்பட்டது. 1,400-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரைக் கவனித்த ஆய்வாளர்கள் 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல்தகுதியில் முன்னேற்றம் தெரியவில்லை. லீக்கில் ஆடிய பையன்களின் மனச்சோர்வும் பதற்றமும், ஆடாமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டபோது மோசமாகவே இருந்தன. போட்டியும் தோல்வியும் அழுத்தமும் ஏற்கெனவே நொந்த மனத்துக்கு என்ன செய்யும் என்று திட்டம் தீட்டியவர்கள் யோசித்திருக்க வேண்டும். இந்த ஆய்வை வெளியிட்டவர்கள் இந்தத் துறைக்குப் பெரிய நன்மை செய்தார்கள். கசப்பான முடிவை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைப்பது உதவித் துறையில் பழகிப்போன வழக்கம்.

சமாதானம் பற்றிய வாக்குறுதிதான் விளையாட்டுத் திட்டங்கள் அடிக்கடி தருவது. அதைச் சோதித்த இரண்டு ஆய்வுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒன்று ஈராக்கில் நடந்தது. அரசியல் அறிஞர் சல்மா மூசா நடத்தியது. ஐ.எஸ். தாக்குதலால் இடம்பெயர நேர்ந்த கிறிஸ்தவர்கள் வாழும் அங்காவா, கரகோஷ் ஆகிய ஊர்களில் கிறிஸ்தவக் கால்பந்து அணிகளுக்கு லீக் ஏற்பாடு செய்தார். சில அணிகளில் புதிதாக முஸ்லிம் ஆட்டக்காரர்கள் சேர்க்கப்பட்டார்கள். மற்றவற்றில் கிறிஸ்தவர்களே சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிம்களோடு ஒரே சட்டை போட்டு ஆடியவர்கள், வேறு அணியிலுள்ள முஸ்லிம் ஆட்டக்காரருக்கும் நல்லாட்ட விருதுக்கு வாக்களிக்கத் தயாராக இருந்தார்கள். அடுத்த சீசனிலும் கலப்பு அணிக்கே பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களோடு பழகும் விஷயத்தில் மாற்றம் மிகக் குறைவு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுல் நகருக்குப் போய் ஓர் உணவகத்தில் சாப்பிடச் சலுகைச் சீட்டு கொடுத்தாலும் போக மனம் வரவில்லை. 'சயின்ஸ்' இதழில் 2020-இல் வெளியான இந்த முடிவு, விளையாட்டால் என்ன முடியும், எந்த எல்லைக்கு மேல் முடியாது என்பதைத் தெளிவாகக் கோடு போட்டுக் காட்டியது.

மற்றொன்று நம் நாட்டில் நடந்தது. பொருளியலாளர் மேட் லோவ், உத்தரப் பிரதேசத்தின் கிராமப்புறத்தில் 1,261 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு மாதம் நீளும் கிரிக்கெட் லீக்குகளை நடத்தினார். யாருக்கு ஆட வாய்ப்பு, யார் ஒரே சாதி அணியில், யார் பல சாதி கலந்த அணியில் என்பதையெல்லாம் குலுக்கல் தீர்மானித்தது. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. சொந்தச் சாதிக்காரனுக்கே சலுகை காட்டும் போக்கு குறைந்தது. ஆனால் வேறு சாதிக்காரர்களை எதிரணியாக மட்டுமே சந்தித்தவர்களிடம் நிலைமை தலைகீழ்: சாதி தாண்டிய பழக்கம் குறைந்தது. 'சேர்ந்து விளையாடினால் ஒற்றுமை வளரும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒரு முடிவையாவது படிக்க வேண்டும். ஊருக்கு ஓர் அணி, தெருவுக்கு ஓர் அணி என்று பிரித்து மோதவிட்டால், பிளவுக்கே கோப்பை கொடுத்து வளர்த்ததாக ஆகிவிடும். போருக்குப் பின் 1998-இல் பொஸ்னியாவில் தொடங்கிய திறந்தவெளிக் கால்பந்துப் பள்ளிகள், எதிரெதிரே நின்ற இனத்தாரின் பிள்ளைகளை ஒரே குழுவில் கலந்தே பயிற்சி கொடுத்தன. அந்தப் பள்ளிகளை உருவாக்கியவர்கள் இந்த வேறுபாட்டை முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள்.

இலங்கையிலும் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. காலி மாவட்டத்தின் சீனிகமவில் குஷில் குணசேகர தொடங்கிய நற்பணி அமைப்புக்கு, 2004 சுனாமிக்குப் பிறகு பிரிட்டிஷ் கிரிக்கெட் வட்டாரங்களிலிருந்து உதவி குவிந்தது. லண்டனின் எம்.சி.சி. கிரிக்கெட் கழகம் அங்கே ஒரு பயிற்சி மையத்துக்குப் பணம் கொடுத்தது. அந்த அமைப்போடு முத்தையா முரளிதரன் சேர்ந்து நிற்கிறார். போர் முடிந்த பின், 2012-இல் தொடங்கி, கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் அவர் பெயரால் நல்லிணக்கக் கிண்ண டி20 போட்டிகள் நடந்தன. கண்ணிவெடி அகற்றிய மண்ணில் புல் முளைத்த மைதானத்தைப் பார்ப்பதே அந்தப் பகுதி மக்களுக்குப் பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் உத்தரப் பிரதேச ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. தெற்குப் பள்ளியும் வடக்குப் பள்ளியும் எதிரெதிர் அணியாகச் சில நாள் சந்திப்பது ஒன்று. ஒரே அணியில் ஒரு பருவம் முழுவதும் ஆடுவது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் கூடுதல் பணமும் பொறுமையும் வேண்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. கென்யாவின் கடற்கரை மாவட்டமான கிலிஃபியில் 2000-களின் தொடக்கத்தில் பிறந்த 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்' என்ற அமைப்பு, கால்பந்து ஆட வரும் சிறுமிகளுக்கு மாதவிடாய் நாப்கின் கொடுப்பதையும் தன் வேலையாகவே வைத்துக்கொண்டது. நாப்கின் இல்லாமல் மாதத்தில் சில நாள் பள்ளிக்கே போகாத பெண் மைதானத்துக்கு மட்டும் எப்படி வருவாள்? தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சமையல் என்று வீட்டு வேலை எப்போது முடிகிறதோ, அதற்கேற்பத்தான் ஆட்ட நேரத்தை வைக்க முடியும். அம்மாவின் சம்மதம் வாங்க வீடு தேடிப் போக வேண்டும். ஜார்க்கண்டில் 2009-இல் தொடங்கிய 'யுவா' அமைப்பும் இதே வழியில் நடந்தது. சிறு வயதிலேயே திருமணம் செய்துவைக்கும் கிராமங்களிலிருந்து வந்த அதன் கால்பந்துச் சிறுமிகள் 2013-இல் ஸ்பெயினுக்குப் போய் ஒரு போட்டியில் மூன்றாமிடம் பெற்றார்கள். அந்தக் கோப்பைப் படம்தான் பத்திரிகையில் வந்தது. அதற்கு முன்பு, தினமும் விடியலில் பயிற்சிக்கு வந்தே தீர வேண்டும் என்ற ஒழுங்கைச் சிறுமிகளே ஒருவருக்கொருவர் கண்காணித்துக் காத்தார்கள். அதைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை.

பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு அழைக்கும்போது அவர்களுக்குப் பாதுகாப்பு தருவதும் பணம் கொடுப்பவரின் பொறுப்பாகிறது. ஆப்கானிஸ்தானின் மகளிர் கால்பந்து அணி உலகம் முழுதும் பாராட்டப்பட்ட காலத்தில், அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரே வீராங்கனைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியது பின்னர் வெளிவந்தது. 2019-இல் ஃபிஃபா அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. விளையாட்டு தானாகவே நல்லது என்று நம்பிக் கண்காணிப்பைத் தளர்த்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உடல்நலத்தை மட்டும் பார்த்தாலும் இந்தச் செலவுக்கு வலுவான காரணம் உண்டு. உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 விழுக்காட்டினருக்குப் போதிய உடலசைவு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பசிபிக் தீவு நாடுகளில் நீரிழிவும் இதய நோயும் பெரும் சாவுக் காரணங்கள். அங்கே ஆஸ்திரேலியா பல ஆண்டுகளாக விளையாட்டுக்கு உதவுகிறது. டோங்காவில் 2012-இல் பெண்களுக்கான நெட்பால் இயக்கத்தை அது முன்னெடுத்தபோது கோப்பையும் பதக்கமும் இலக்காக இல்லை. நடுத்தர வயதுப் பெண் ஊரார் முன்னிலையில் கூச்சமில்லாமல் ஓடியாட இடம் உண்டாக்குவதே இலக்கு. விளையாட்டுக்கான உதவி தன் பெயருக்கு உண்மையாக இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இங்கே விளையாட்டு வேறொன்றுக்குத் தூண்டில் ஆகவில்லை.

அதே ஆஸ்திரேலியா 2024 டிசம்பரில் வேறொரு வகைக் காசோலையிலும் கையெழுத்திட்டது. பப்புவா நியூகினி அணி 2028 முதல் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் ஆடுவதற்காகப் பத்து ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதனோடு சேர்ந்து வந்தது பாதுகாப்பு உடன்பாடு. சீனாவைத் தள்ளிவைப்பதே நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை. ரக்பியை உயிராக நினைக்கும் அந்த மக்களின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் இது வளர்ச்சி உதவி என்று பேர் சூட்டிக்கொள்ளும்போது கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

சீனாவும் தன் பங்குக்கு ஆப்பிரிக்கா, கரீபியன், பசிபிக் எங்கும் மைதானம் கட்டிக் கொடுத்தது. தைவானோடு உறவை முறித்த கோஸ்டாரிகாவுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலரில் ஒரு தேசிய மைதானம் 2011-இல் கிடைத்தது. 2007 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்காக ஆன்டிகுவாவிலும் கிரெனடாவிலும் மைதானங்கள் சீன உதவியில் எழுந்தன. கயானாவின் பிராவிடன்ஸ் மைதானத்துக்கு இந்தியா உதவியது. கிரெனடாவில் திறப்பு விழா அன்று சீனத் தூதர் அமர்ந்திருக்க, வாத்தியக் குழு தைவானின் தேசிய கீதத்தை வாசித்துவிட்டது. பிரதமர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தக் கட்டடத்தை யார் கொடுத்தார்கள், யாரிடமிருந்து உறவு மாறியது என்பதே அன்றைய செய்தியாக இருந்தது. அந்தத் தீவின் சிறுவர்கள் அங்கே வாரத்தில் எத்தனை நாள் ஆடப்போகிறார்கள் என்ற கேள்வி எழவே இல்லை. பெரிய மைதானத்துக்குப் புல் வெட்டவும் விளக்கு எரிக்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அதைக் கொடுத்த நாடு தருவதில்லை, வாங்கிய நாட்டால் முடிவதில்லை.

இந்த உதாரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பலன் தந்த இடங்களிலெல்லாம் பணம் பெரும்பாலும் ஓர் ஆளுக்குப் போயிருக்கிறது. அதே ஊரில் பிறந்து, அதே மொழி பேசி, வாரம் தவறாமல் விசிலோடு மைதானத்தில் நிற்கும் பயிற்சியாளர் அவர். பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கே போய் விசாரிப்பவர். பெரும்பாலான திட்டங்களில் அவருக்குக் கிடைப்பது ஒரு டி-ஷர்ட்டும் பஸ் செலவும்தான். மூன்று ஆண்டு நிதி முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்த திட்டம் வேறொருவருக்கு முதலிலிருந்து பயிற்சி கொடுக்கிறது. பயிற்சியாளருக்குச் சம்பளம் என்ற வரி நிதிக் கோரிக்கையில் இருந்தால், அதை 'நிர்வாகச் செலவு' என்று வெட்டும் பழக்கம் கொடையாளர்களிடம் இருக்கிறது. இந்தத் துறையின் மிகப் பெரிய தவறு இதுதான்.

இப்போது பணமே சுருங்குகிறது. 2025-இல் அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு இழுத்து மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாகக் குறைக்க முடிவெடுத்திருக்கிறது. எச்ஐவி தடுப்பு நிதியோடு சேர்ந்து வந்த கால்பந்து வகுப்புகளுக்கு இது நேரடி அடி. வெட்டு விழும்போது மைதானங்களும் கோப்பைகளும் தப்பிவிடும். அரசுகளுக்கு அவற்றில் வேறு ஆதாயம் உண்டு. பயிற்சியாளரின் சம்பளம்தான் முதலில் போகும்.

2026-இல் செனகலின் தக்கார் நகரில் இளையோர் ஒலிம்பிக் நடக்கிறது. ஆப்பிரிக்க மண்ணில் நடக்கும் முதல் ஒலிம்பிக் நிகழ்ச்சி அது. 2022-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. அந்த நாட்டில் மழைக்காலத்தில் பேட்டைக்குப் பேட்டை 'நவெத்தான்' என்ற கால்பந்துப் போட்டிகள் நடக்கும். பேட்டைச் சங்கங்கள் ஊர்ப்பணத்தில் அணி திரட்டி, அதோடு நாடகம், துப்புரவு என்று மற்ற வேலைகளையும் செய்கின்றன. எந்த வெளிநாட்டுத் திட்டமும் தொடங்கிவைக்காமல், பல தலைமுறையாக நடப்பவை அவை. ஒலிம்பிக்குக்காக வரும் நிதியில் ஒரு பங்கு இந்தச் சங்கங்களின் பயிற்சியாளர்களுக்கு, விழா முடிந்த பின்னும் பல ஆண்டுகளுக்கு, மாதச் சம்பளமாகப் போகும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லும் வாய்ப்பு இப்போது கொடையாளர்களின் கையில் இருக்கிறது.